நார்மல் எழுத அதிகாரமில்லை

ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் திரவியத்துக்கு உடம்பில் ஒரே ஒரு கோளாறுதான். வலப்பக்கம் அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. இருமினால் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும். மல்லாந்து படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். கொஞ்ச காலம் மூட்டைக்குப் பக்கத்தில் போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் முற்றியிருக்காது. ஆனால் சும்மா இருப்பது என்ற பழக்கமே அந்த மனிதருக்குக் கிடையாது. லாரி வந்து நின்றால் கால் பரபரக்கும். மூட்டை தூக்கும் யூனியன்காரர்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு மூட்டைக்குத் தோளைக் கொடுத்துவிடுவார்.

பழவங்காடிக்குப் பக்கத்தில் சின்னதாக நர்சிங் ஹோம் வைத்திருக்கும் சர்ஜன் சூடாமணியம்மாள் அழுத்திப் பார்த்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"சின்ன ஆபரேஷன்தான் அண்ணாச்சி. காலையில வந்தா சாயந்திரம் கஞ்சி குடிக்கலாம். ஆனா தள்ளிப் போடக்கூடாது. வெளிய வந்த குடல் என்னைக்காவது உள்ள போகாம இறுகிப் போச்சுன்னா, ரத்த ஓட்டம் நின்னு கருத்துப் போகும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் கேப்பாரு, ஹார்ட் நார்மல்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு வார்த்தைதானே என்று திரவியம் நினைத்தார். பாவம், அனந்தஹ்ருதயம் ஹார்ட் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அந்த இன்ஸ்டிட்யூட்டின் வாசலில் ஆளுயர நிலவிளக்கு இருக்கும். அதற்குப் பின்னால் கண்ணாடிச் சுவரில், 'பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு கட்டியையும் நாங்கள் தவறவிட்டதில்லை' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். திரவியம் அதைப் படித்துவிட்டு, நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மனைவி முத்தாரம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாளும் விளக்கைத் தொட்டுக் கும்பிட்டாள்.

எக்கோ எடுக்கிற அறை இருட்டாகவும் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போலவும் இருந்தது. டெக்னீஷியன் லிஜோ அவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினான்.

"அண்ணாச்சி, ஸ்வாசம் பிடிச்சு வைக்கணும். ஆ, மதி, போதும். ஒண்ணுகூடி, இன்னொரு தடவை."

திரையில் இதயம் துடித்தது. லிஜோ முதலில் சாதாரணமாகப் பார்த்தான். அப்புறம் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அப்புறம் எழுந்து கதவைத் திறந்து, "மேடம், ஒந்நு வரணே" என்று கூப்பிட்டான். நெஞ்சில் பசையோடு கிடக்கும் ஒருவனுக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்கும் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

வந்தது விஷ்ணுப்ரியா என்ற சின்ன வயது டாக்டர். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். திரையைப் பார்த்த உடனேயே சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்கோ. இது கட்டியே இல்லை. எல்லாரும் அம்மா வயத்துல இருக்கறச்சே ரத்தத்தை வழி திருப்பி விடறதுக்கு இங்க ஒரு சின்ன மடிப்பு இருக்கும். பிறந்தப்புறம் அதுக்கு வேலை இல்லை. சில பேருக்குக் கொஞ்சம் நீளமாத் தங்கிடும், இப்படி ஆடிண்டே இருக்கும். ஃபர்ஸ்ட் இயர் புஸ்தகத்துலயே படம் போட்டு, இதைப் பார்த்துக் கட்டின்னு ஏமாந்துடாதேன்னு எழுதியிருக்கு."

திரவியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப சந்தோசம் மக்களே," என்று பெற்ற மகளிடம் பேசுவதுபோலச் சொன்னார். "அப்ப நார்மல்னு எழுதிக் குடுத்துரு. நான் போய்க் குடலத் தைச்சுக்கிடுதேன்."

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடு என்று கேட்டதுபோல அந்தப் பெண் பின்னால் நகர்ந்தாள்.

"நார்மலா? அதுக்கு எனக்கு பவர் இல்லையே சார்."

இங்கே இன்ஸ்டிட்யூட்டின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே இரண்டு ரப்பர் முத்திரைகள் உண்டு. ஒன்றில் 'விலக்க இயலவில்லை' என்று இருக்கும். கட்டி இருப்பதாகச் சந்தேகம், இல்லை என்று தள்ளிவிட முடியவில்லை என்பது அதன் பொருள். அது எல்லா மேசையிலும் நூல் கட்டித் தொங்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் குத்தலாம். இன்னொன்றில் 'நார்மல்' என்று இருக்கும். அது டைரக்டரின் அறையில், இரும்பு அலமாரிக்குள், வெல்வெட் துணியில் சுற்றிக் கிடக்கும். கமிட்டியின் ஆறு டாக்டர்களும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே டைரக்டர் அதை எடுக்கலாம். நார்மல் என்று எழுதி, பிறகு ஏதாவது ஆகிவிட்டால் எழுதியவரிடம் விளக்கம் கேட்பார்கள். சந்தேகம் என்று எழுதியவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆகவே கமிட்டி ஒருமனதானதும் இல்லை, அந்த முத்திரை மையில் நனைந்ததும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பூஜை வைப்புக்கு வெளியே எடுத்துச் சந்தனம் வைத்து, விஜயதசமி அன்று திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

விஷ்ணுப்ரியா, 'வலது மேலறையில் அசையும் கட்டி' என்று எழுதி, நூலை இழுத்து முத்திரையைக் குத்தினாள்.

"இப்பதானே மக்களே ஒண்ணும் இல்லன்னு சொன்ன?"

"அது வாயால சொன்னது சார். இது எழுத்தாச்சே?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திரவியம் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். கடையில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஆடுவதுபோல இருந்தது. எழுந்து நின்றால் அடிவயிற்றில் குடல் புடைத்தது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று அவர் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மல்லி வாங்க வந்தவர்கள் அவர் ஏதோ புது ஆசனம் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டு, எடையைச் சரியாகப் போடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"அந்தப் பிள்ளை இல்லன்னு சொல்லுச்சுல்லா? பொறவு என்னத்துக்கு இப்படிக் கெடந்து நடக்குதிய?" என்று முத்தாரம்மாள் கேட்டாள்.

"இல்லன்னுதான் சொல்லுச்சு. ஆனா எழுதலியே."

அடுத்த கட்டமாகத் தொண்டை வழியே குழாயை இறக்கிப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்கென்று ஒரு டாக்டர் உண்டு, வினய் என்று பெயர். ஆராய்ச்சியில் பித்துப் பிடித்தவர். நோயாளியின் முகத்தைவிடத் திரையைத்தான் பாசத்தோடு பார்ப்பார். மலைப்பாம்பை முழுங்குவதுபோலத் திரவியம் அந்தக் குழாயை முழுங்கினார். கண்ணில் நீர் கொட்டியது. ஒவ்வொரு குமட்டலுக்கும் கீழே குடல் வேறு எட்டிப் பார்த்தது. பல்லைக் கடிக்கவும் வழியில்லாமல் கையால் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

குழாயை எடுத்ததும் வினய் முகம் மலர்ந்து சொன்னார். "உங்க முதல் கட்டி நார்மல் சார். விஷ்ணுப்ரியா சொன்னது கரெக்டாக்கும்."

"தெய்வமே. அப்ப எழுதிருங்க."

"இருங்க. இடது மேலறையில இன்னொண்ணு காணுது. நுரையீரல்லேருந்து ரத்தம் வர்ற குழாய்க்கும் பக்கத்துல இருக்கிற சின்னப் பைக்கும் நடுவுல ஒரு வரப்பு. அதுவும் நார்மல்தான். எல்லார் ஹார்ட்லயும் இருக்கும். ஒரு காலத்துல இதை ரத்தக்கட்டின்னு நெனச்சு, ரத்தம் நீர்க்கிற மருந்தை எத்தனையோ பேருக்குச் சும்மா குடுத்திருக்காங்க. கேட்டா நமக்கே சிரிப்பு வரும்."

சிரித்துக்கொண்டே அவர் 'இரண்டாவது கட்டி, விலக்க இயலவில்லை' என்று குத்தினார். சிரித்துக்கொண்டே ரத்தம் நீர்க்கிற மருந்தையும் எழுதினார்.

"நார்மல்னா மருந்து எதுக்கு சாரே?"

"கட்டின்னு ரிப்போர்ட் இருக்கே. ரிப்போர்ட் இருக்கும்போது மருந்து குடுக்காம விட்டா நாளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

அந்த மருந்தோடு கீரை ஆகாது என்று ஒரு விதியும் கூடவே வந்தது. முருங்கைக்கீரைத் துவரன் இல்லாமல் சோறு இறங்காத மனிதருக்கு இது பெரிய அடி. அதைவிடப் பெரிய அடியைச் சூடாமணியம்மாள் கொடுத்தார். ரத்தம் நீர்க்கிற மருந்து சாப்பிடுகிறவரைக் கத்தியால் தொடமாட்டேன், முதலில் நார்மல் என்று எழுதி வாங்கி மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். புடைப்பு இப்போது எலுமிச்சங்காய் இல்லை. சாத்துக்குடி அளவுக்கு வளர்ந்திருந்தது. படுத்து அழுத்தினாலும் சட்டென்று உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது.

மூன்றாவதாக ஒரு பெரிய காந்தக் குகைக்குள் தள்ளி ஸ்கேன் எடுத்தார்கள். முதல் இரண்டும் கட்டி இல்லை என்று ஸ்கேன் டாக்டர் முத்தாரம்மாளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வலது கீழறையில் குறுக்கே ஒரு சதைப் பட்டை போகிறது, அது மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது என்றார். அந்தப் பட்டை இல்லாத மனுஷனே கிடையாது என்றும் அவரே சொன்னார். பிறகு நூலை இழுத்தார்.

"ஆக மொத்தம் மூணு கட்டி," என்று முத்தாரம்மாள் விரல் விட்டுச் சொன்னாள். "மூணும் இல்லாத கட்டி."

கட்டி இருக்கிறவரின் குடும்பத்தையும் கூட இருப்பவர்களையும் பரிசோதிக்கவேண்டும் என்று இன்ஸ்டிட்யூட்டில் ஒரு விதி இருந்தது. முத்தாரம்மாளைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கீழறையில் பட்டை இருந்தது. பக்கத்துக் கடை புளி வியாபாரி நேசையன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழத்தோடு பார்க்க வந்தார். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் கடை என்று தெரிந்ததும் அவரையும் படுக்கவைத்தார்கள். பட்டையும் இருந்தது, வரப்பும் இருந்தது.

"திரவியம், உம்ம பாக்க வந்தது தப்பாப் போச்சேவே," என்று சட்டையைப் போட்டுக்கொண்டே நேசையன் சொன்னார். "பழத்த வச்சுட்டு வாசலோட ஓடியிருக்கணும்."

விஷயம் தெருவுக்குப் பரவியது. படுக்கவைத்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் இருந்தது. வினய் இதில் ஆராய்ச்சிக்கு வழி கண்டார். மிளகாய்ப் பொடியின் நெடியால் இதயத்தில் கட்டி வளர்கிறது என்று ஒரு கட்டுரை எழுதி, அதற்கு 'ஆரியசாலை ஹார்ட்' என்று பெயர் வைத்தார். நெடி படாத ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா, அதற்காக மலையோர ஊரான வித்துராவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களுக்கும் இருந்தது. வித்துரா சந்தைக்கு மிளகாய் ஆரியசாலையிலிருந்துதான் போகிறது என்ற உண்மை அப்போது வெளியாயிற்று. கட்டுரை இன்னும் பலமாயிற்று. பாதித் தெரு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தது. கத்தி பட்டால் ரத்தம் நிற்காது என்ற பயத்தில் யாரும் சவரம் செய்துகொள்ளவில்லை. வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வந்தவர்கள், சபரிமலை சீசன் இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார்கள்.

திரவியத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு நேரே டைரக்டர் சேஷனின் அறைக்குள் போய்விட்டார். சேஷன் பெரிய மனிதர். விபூதியும் டையும் ஒன்றாக அணிபவர். கோபித்துக்கொள்ளாமல் உட்காரச் சொன்னார். திரவியம் உட்காரவில்லை, உட்கார்ந்தால் புடைப்பு வலித்தது.

"பாருங்கோ திரவியம். பன்னண்டு வருஷமா இங்க ஒரு கட்டியையும் நாங்க மிஸ் பண்ணினதில்லை. எப்படி? கட்டி இல்லேன்னு யாருக்கும் சொன்னதில்லை, அதான். நான் உமக்கு நார்மல்னு எழுதித் தரேன்னு வச்சுக்கோங்கோ. நாளைக்குக் கிழக்கேகோட்டையில ஒரு பஸ் உம்மை இடிச்சுடறது. பேப்பர்ல என்ன போடுவான்? நார்மல்னு டாக்டர் சொன்ன ஆள் மரணம்னு போடுவான். அதே நீர் சந்தேகத்தோட போனா, அப்பவே அவா சொன்னாளேன்னு ஊரே நம்மைக் கொண்டாடும்."

"சாரே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? அது கட்டி இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"பேஷாத் தெரியும். என் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியறதுங்கறது அவாவா சொந்த விஷயம் ஓய். இது இன்ஸ்டிட்யூஷன்."

"அப்ப எனக்கு என்னதான் வழி?"

சேஷன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "ஒரே வழிதான். நெஞ்சைத் திறந்து நேரா பாத்துடறது. கமிட்டி முடிவு பண்ணியாச்சு, வர்ற திங்கட்கிழமை. மூணு இடத்துலயும் வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணுவோம். ஒண்ணும் இல்லேன்னு வந்துடுத்துன்னா, நானே என் கையால அந்த நார்மல் முத்திரையைக் குத்தறேன். இந்த ஸ்தாபனத்தோட முதல் நார்மல் நீராத்தான் இருப்பீர்."

"நார்மல்னு தெரியதுக்கு நெஞ்சக் கீறணுமா?"

"வேற எப்படித் தெரியும்?"

"அப்ப இந்தக் குடல்? அது இறுகிப் போச்சுன்னா செத்துருவேன்னு அந்தம்மா சொல்லியிருக்காவ."

"நெஞ்சுக்குக் கீழ நாங்க பாக்கறதில்லை," என்று சேஷன் மிகுந்த பணிவோடு சொன்னார்.

நெஞ்சைக் கீறுவதற்காக ரத்தம் நீர்க்கிற மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் திரவியம் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. நடந்துகொண்டே இருந்தார். ஓடிப்போய்விடலாமா என்று நினைப்பார். ஓடினால் எந்த ஊரில் எந்த டாக்டர் கேட்டாலும் மூன்று முத்திரை குத்திய ரிப்போர்ட் முன்னால் போய் நிற்குமே என்று தோன்றும். முத்தாரம்மாள் அவருக்குத் தெரியாமல் அழுதாள். தெரிந்தும் அழுதாள்.

திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை இன்ஸ்டிட்யூட்டில் ஒரு விழா வைத்தார்கள். 'ஆரியசாலை ஹ்ருதய சுரக்ஷா முகாம்' என்று பேனர் கட்டி, செண்டை மேளம் வைத்து, பத்திரிகைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். தெருவில் இன்னும் பரிசோதனைக்கு வராமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் பயத்தைத் தெளிவிப்பது நோக்கம். முன்வரிசையில், அறுக்கப்படப் போகிறவர் என்ற மரியாதையோடு, திரவியத்தைப் பொன்னாடை போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் முத்தாரம்மாளும் நேசையனும் இருந்தார்கள்.

சேஷன் மைக்கைப் பிடித்தார். "எக்கோவைப் பார்த்து யாரும் பயப்படப்படாது. உள்ளே கட்டி இருக்கறவாதான் பயப்படணும். இப்போ நானே இந்த மேடையில, உங்க எல்லார் முன்னிலையிலும், படுத்துக் காட்டப்போறேன். எவ்வளவு எளிமைன்னு பாருங்கோ."

மேடையில் கட்டில் தயாராக இருந்தது. சேஷன் கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார், பூணூலை ஒதுக்கிவிட்டுப் படுத்தார். லிஜோ பசையைத் தடவிக் கருவியை வைத்தான். பின்னால் சினிமாத் திரை அளவுக்கு டைரக்டரின் இதயம் தெரிந்தது. வலது மேலறையில் ஒரு நீண்ட மடிப்பு, கொடியில் காயப்போட்ட துண்டுபோல ஆடிக்கொண்டிருந்தது.

லிஜோவின் கை நின்றுவிட்டது. மேடையிலிருந்த ஆறு கமிட்டி டாக்டர்களும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "அந்தால கீழயும் காட்டு பிள்ளே," என்று நேசையன் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். லிஜோ பயத்தில் கையை நகர்த்த, வரப்பும் தெரிந்தது, பட்டையும் தெரிந்தது.

"ஆரியசாலைக்கு சார் எப்ப வந்தாரு?" என்று ஒருவர் கேட்டார்.

சேஷன் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சொல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இது நார்மல்."

அந்த நிமிஷமே கமிட்டி கூடியது. கட்டிலைச் சுற்றி நின்றபடியே கூடியது. இது பிறப்பிலிருந்து வரும் மடிப்பு, புத்தகத்தில் படம் இருக்கிறது என்று விஷ்ணுப்ரியா சொன்னாள். இப்படிப்பட்டதைக் கட்டி என்று நினைப்பது சிரிப்புக்கிடம் என்று வினய் சொன்னார். ஒருமனதாக ஆறு கையெழுத்தும் விழுந்தன. இரும்பு அலமாரியைத் திறந்து வெல்வெட் துணியோடு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். அதில் பழைய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது, குண்டூசியால் சுரண்டிவிட்டுக் குத்தினார்கள். டைரக்டருக்கு நார்மல். பொதுமக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காக அந்த ரிப்போர்ட்டைக் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, அரங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். நல்ல புழுக்கம், ஜனங்கள் அதை வைத்து விசிறிக்கொண்டார்கள்.

திரவியம் பொன்னாடையோடு துள்ளி எழுந்து மேடைக்குப் போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சாரே, எனக்கும் இதேதானே? அப்ப நானும் நார்மல்தானே? எனக்கும் ஒரு குத்து குத்திருங்க, மை காயதுக்கு முந்தி."

சேஷன் டையைக் கட்டிக்கொண்டே மறுத்துத் தலையாட்டினார். "அது எப்படி ஓய்? எனக்கு நார்மல்னு இன்னிக்குத் தீர்மானம் ஆச்சு. உமக்கு விலக்க இயலவில்லைன்னு முன்னாடியே தீர்மானம் ஆயிடுத்து. ஒரே கமிட்டி ஒரே விஷயத்துக்கு ரெண்டு அபிப்பிராயம் சொன்னா ஸ்தாபனத்தோட கௌரவம் என்ன ஆறது?"

"இந்தத் தீர்மானம் இனிமே வர்ற கேஸுக்குத்தான் செல்லும்," என்று வினய் விளக்கினார். "பழைய கேஸுக்குப் பொருந்தாது."

"என் நெஞ்சும் அவரு நெஞ்சும் ஒண்ணுதானே டாக்டரே?"

"நெஞ்சு ஒண்ணுதான். ஃபைல் வேற."

திரவியம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இரண்டாக மடிந்து மேடையிலேயே உட்கார்ந்தார். கை அடிவயிற்றுக்குப் போயிற்று. குடல் வெளியே வந்து கல்லாகக் கிடந்தது. அழுத்தினார், போகவில்லை. இன்னும் அழுத்தினார், உயிர் போகிறமாதிரி வலித்தது. வேர்த்துக் கொட்டி, வாந்தியும் வந்தது.

"ஹார்ட்!" என்று ஆறு டாக்டர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். தூக்கி அதே கட்டிலில் போட்டார்கள். லிஜோ கருவியை நெஞ்சில் வைத்தான்.

"கீழ," என்று திரவியம் முனகினார். "கீழ பாருங்க."

"மூணு கட்டியும் பழையபடியே இருக்கு," என்று வினய் மைக்கில் அறிவித்தார்.

முத்தாரம்மாள் மேடைமேல் ஏறிவிட்டாள். "நெஞ்சில ஒண்ணும் இல்ல, குடலு இறுகிப் போச்சு. கொஞ்சம் கீழ பாருங்கோ சாரே, நல்லாயிருப்பிய."

"நெஞ்சுக்குக் கீழ எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. திங்கட்கிழமைவரை பொறுத்துக்கச் சொல்லுங்கோ," என்றார் சேஷன்.

அதற்குமேல் அந்த அம்மாள் அங்கே நிற்கவில்லை. "நேசையண்ணே, ஒரு கை பிடியுங்க," என்றாள். இரண்டு பேருமாகத் திரவியத்தைத் தூக்கி, நேசையனின் புளி மணக்கும் பெட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். திரவியம் பின்னால் கிடந்து உருண்டார். முத்தாரம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் இருந்ததை வைத்து விசிறிக்கொண்டே வந்தாள். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது, காப்பாத்துப்பா என்று வாய்விட்டே வேண்டினாள்.

சூடாமணியம்மாள் போர்வையை விலக்கி ஒருமுறை தொட்டுப் பார்த்ததும் தியேட்டரைத் திறக்கச் சொன்னார். மயக்க மருந்து டாக்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஹார்ட் ஃபிட்னஸ் எங்க? அது இல்லாம நான் ஊசி போடமாட்டேன். நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்."

முத்தாரம்மாள் கையைப் பார்த்தாள். வழியெல்லாம் விசிறிக்கொண்டு வந்த காகிதம் இருந்தது. நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அனந்தஹ்ருதயத்துல நார்மல் குத்தியிருக்கானா? என் சர்வீஸ்ல நான் கண்டதில்ல. ஆறு பேரு கையெழுத்தும் இருக்கே." விரல் பெயரில் வந்து நின்றது. "பேஷண்ட் பேரு சேஷனா?"

முத்தாரம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சூடாமணியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். சூடாமணியம்மாள் காகிதத்தைப் பார்த்தார், கட்டிலில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் திரவியத்தைப் பார்த்தார், ஆரியசாலைத் திரவியத்தை அவருக்கு எப்போதிருந்தோ தெரியும்.

"சேஷன்தான்," என்றார். "எத்தனை தடவை கேப்பீங்க? உள்ள எடுங்க சீக்கிரம்."

குடல் கருக்க ஆரம்பித்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருந்ததில் மெல்ல மெல்ல நிறம் திரும்பிற்று. உள்ளே தள்ளித் தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்கவேண்டும், அப்புறம் ஆளும் நமக்கில்லை என்று சூடாமணியம்மாள் பிறகு சொன்னார்.

மறுநாள் காலையில் திரவியத்துக்கு நன்றாகத் தெளிவு வந்தது. சூடாமணியம்மாள் வந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹார்ட் எப்படி டாக்டரம்மா இருந்துது?" என்று அவர் பயந்துகொண்டே கேட்டார்.

"உங்க ஹார்ட்டுக்கு என்ன? கிண்ணுன்னு இருக்கு. நார்மல்."

திரவியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. தையல் வலிக்கும், அழாதீர்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பகல் ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ், கையில் கட்டுகிற அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"பேரு எந்தா?"

"சேஷன்," என்றார் திரவியம்.

முத்தாரம்மாள் பதறிப்போய் அவர் காதருகில் குனிந்தாள். "மயக்கம் இன்னும் தெளியல்லியா? ஆபரேஷன்தான் முடிஞ்சாச்சே. இனி நெசப் பேரச் சொல்லலாம்லா?"

"எல்லாம் தெளிஞ்சுதான் சொல்லுதேன். திரவியத்துக்கு நெஞ்சில மூணு கட்டி இருக்கு பாத்துக்க. நாளைக்கு அவனக் கீறதுக்கு ஆள் தேடி வருவான். வந்தா, அப்படி ஒருத்தன் இங்க இல்லன்னு சொல்லிரு."

நர்ஸ் எழுத்துக்கூட்டி எழுதி, அட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார்.